வயிற்றில் இருப்பது

ஞாயிற்றுக்கிழமை தின்ற பீன்ஸ் செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது. பச்சை நிறம்கூட வெளுக்கவில்லை. செவ்வந்தி வாந்தி பிடித்த பேசினைத் தோட்டத்துப் பக்கம் எடுத்துப்போய், குழாயைத் திறக்குமுன் வெயிலில் சாய்த்துப் பிடித்துக் கூர்ந்து பார்த்தாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் பார்க்காமல் கொட்டிய வாந்தி ஒன்றுகூட இல்லை. அவள் தேடியது ஒரு சிட்டிகைப் பொடியை. சாம்பல் நிறத்தில், வாசனை இல்லாத பொடி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பில் கலந்து, அவளே தன் கையால் புருஷனுக்கு ஊற்றியது.

இன்றும் இல்லை. பீன்ஸும் கஞ்சியும்தான். பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். கொடியில் காய்ந்த அவனுடைய காக்கிச் சட்டையின் தோள்களில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெல்லிசாகப் படிந்திருந்தது. காற்று திரும்பினால் இந்த பிளாக் முழுக்க அப்படித்தான். பெண்கள் துணியை இரண்டு தரம் உதறி எடுப்பார்கள். செவ்வந்தி மட்டும் உதறும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பொடியும் இதே நிறம்.

"என்னாடி, ஆராய்ச்சி முடிஞ்சிதா?" உள்ளேயிருந்து கலைச்செல்வனின் குரல் வந்தது. "புதையல் எதுனா கெடச்சிருந்தா எனக்கும் பாதி குடு."

"பேசாம படுங்க."

"படுத்துகினுதான இருக்கேன். நின்னுகினா பேசறேன்?"

நாற்பத்தொரு வயது. பதினோரு வருஷம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் வாரி, நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரி, தானே புயல் அடித்த வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் பர்மனென்ட் ஆனான். குவார்ட்டர்ஸ் கிடைத்துச் சாமான் இறக்கிய அன்றைக்குச் சாப்பிட்ட பிரியாணி மூன்றாம் நாள் அப்படியே திரும்பியது. அப்போது ஆரம்பித்தது. முப்பது வயதிலேயே வந்த சர்க்கரை வயிற்று நரம்பைத் தின்றுவிட்டது, வயிறு அரைக்க மறந்துவிட்டது என்றார் சென்னை டாக்டர். தின்றது இறங்காமல் கிடக்கும், கிடந்து கிடந்து மேலே வரும். இந்தத் தை மாதம் கம்பெனி மெடிக்கலில் சென்னைக்கு அனுப்பி, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு ஒயர் இரைப்பைச் சுவருக்குப் போனது. விட்டுவிட்டு மெல்லிய கரண்ட் கொடுத்து வயிற்றுக்கு அதன் வேலையை ஞாபகப்படுத்துமாம்.

அது ஞாபகப்படுத்தவும் செய்தது. மாசி, பங்குனி இரண்டு மாதமும் அவன் மனிதனாக இருந்தான். இட்லி கேட்டான். மோர் கேட்டான். பெல்ட் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். சித்திரை பிறந்ததும் எல்லாம் பழையபடி ஆனது.

வெளியே கேட் கிறீச்சிட்டது. கையில் தூக்குவாளியோடு அம்சவல்லி வந்தாள். அவனுடைய அக்கா. குறிஞ்சிப்பாடியில் இரண்டு தறி போட்டிருக்கும் வீடு. குரலும் தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"யம்மா, என்னா வெயிலு! பஸ்ஸுல ஒருத்தன் பலாப்பழத்த மடியில வச்சிகினு வரான், முள்ளு பூரா என் தொடையில. தம்பி எங்க? இன்னிக்கும் வாந்தி எடுத்தானா?"

"காலையில ஒரு தரம் அண்ணி."

அம்சவல்லி கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே சதையே இல்லை.

"ஏன்டா, இப்படி ஈர்க்குச்சி கணக்கா ஆயிட்ட. சுள எடுத்தாந்திருக்கேன், நாலு தின்னுறியா?"

"அக்கா, கஞ்சியே வெளிய நின்னுகினு உள்ள வரட்டுமான்னு கேக்குது. இதுல சுளையா?"

"நான் ஒண்ணு சொல்லுவேன், நீ கோவிச்சிக்குவ."

"அப்ப சொல்லாத."

"சொல்லுவேன். ஒனக்கு வச்சிருக்காங்கடா. சோத்துல கலந்து வச்சிருக்காங்க. மிசினு தோலுக்கு அடியிலதான கெடக்கு? வச்சது கொடலுக்குள்ள ஒட்டிகினு கெடக்கு. மிசினுக்கு அது எப்பிடித் தெரியும்? நம்ம ஊருல உறிஞ்சி எடுக்கற ஆளு இருக்காரு, கொழா போட்டு எடுத்துத் தட்டுல காட்டுவாரு."

"யாருக்கா எனக்கு வைக்கப் போறாங்க? நான் என்னா பெரிய ஜமீனா?"

அம்சவல்லி குரலைத் தாழ்த்தினாள். அந்தத் தாழ்ந்த குரலே பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். "அந்த மந்தாரக்குப்பத்துக்காரிதான். அவ கையால தின்னுகினு கெடந்தல்ல ஒரு வருஷம்? நீ வுட்டுட்டு வந்த ஆத்திரத்துல வச்சிருப்பா."

கலைச்செல்வன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். செவ்வந்தி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், சுளைகளைத் தட்டில் கொட்டினாள். இனிப்பு வாசனை குப்பென்று எழுந்தது. ஒருமுறை திரும்பி நடையில் போய் நின்று, "அவ இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டால் போதும். ஒவ்வொரு முறை அம்சவல்லி வரும்போதும் அந்தச் சொல் செவ்வந்தியின் தொண்டை வரை வரும். பிறகு இறங்கிப் போய்விடும்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வெண்மதி வயிற்றில் இருந்தாள். சம்பள நாளன்று மட்டும் கலைச்செல்வன் வீட்டுக்கு வருவான், பெட்டியில் பணத்தை வைத்துவிட்டு மந்தாரக்குப்பத்துக்குப் போய்விடுவான். குறிஞ்சிப்பாடி தாண்டி செங்கல் சூளைக்குப் பின்னால் குஞ்சிதபாதம் என்று ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். காலிலிருந்த வெள்ளிக் கொலுசைக் கொடுத்துவிட்டு ஒரு பொட்டலத்தை வாங்கி வந்தாள். "மீன் வாடை இருக்கற கொழம்புல போடு, தெரியாது. மொதப் புடி அவன்தான் திங்கணும்" என்றார். அவள் அப்படியே செய்தாள். அவன் இரண்டு தரம் குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து மந்தாரக்குப்பம் போகவில்லை.

அந்தச் சந்தோஷம் எத்தனை வருஷம் இருந்தது என்று யோசித்தால் அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை என்றார்கள், சரி என்று இருந்தாள். முதல் வாந்தி வந்த அன்றைக்குத்தான் அந்தப் பொடியின் ஞாபகம் அவளை வந்து தொட்டது. டாக்டர்கள் நரம்பு என்றார்கள், படம் போட்டுக் காட்டினார்கள். அவள் பத்தாவது படித்தவள், புரிந்தது, தலையாட்டினாள். ஆனால் மத்தியானம் வீடு அடங்கிக் கிடக்கும்போது, தூரத்தில் மைன்ஸ் பக்கமிருந்து பெல்ட் ஓடும் முனகல் கேட்கும்போது, அவன் வயிற்றுக்குள் அந்தப் பொடி கரையாமல் உட்கார்ந்திருப்பதைத் தன் வயிற்றிலேயே உணர்வாள். அது பசியோடு இருந்தது. அவன் போடுவதையெல்லாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது.

கருவி வைத்த பிறகு பயம் தணிந்தது. பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன்தான் கேட்டான். "கருவாட்டுக் கொழம்பு வையேன். ஒரு சொட்டு நாக்குல தடவிக்கறேன்." வைத்தாள். சாயந்திரம் எடுத்துவிட்டான். ஒரே ஒரு தரம்தான். ஆனால் அந்தக் குழம்பு. அடுத்த நாளே வடலூர் சபைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, குறிஞ்சிப்பாடி பஸ் பிடித்து, சூளைக்குப் பின்னால் போய் நின்றாள்.

குஞ்சிதபாதத்துக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பன்னண்டு வருசத்துக்கு முன்னாடி நீங்க குடுத்தது. அது என்னா பொடிங்க?"

"எத்தினி பேருக்குக் குடுத்திருப்பேன். இன்னாருக்கு இன்னதுன்னு நோட்டா போட்டு வச்சிருக்கேன்?"

"அவரு வயித்துல அப்பிடியே கெடக்கு போலிருக்குங்க. எடுக்க முடியுமா?"

அவர் நல்ல கண்ணால் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குடுக்கறதுதான் நம்ம வேல. எடுக்கறது வேற ஆளு. ஆனா அத ஆடாம புடிச்சி நிறுத்தலாம்." உள்ளே போய், இரண்டு பக்கமும் அரக்கால் அடைத்த செப்புத் தாயத்து ஒன்றைக் கொண்டுவந்தார். "அரணாக்கொடியில கோத்துடு. வயித்தத் தொட்டுகினு இருக்கணும். கட்டின புதுசுல கொஞ்சம் ஆட்டம் போடும், பயப்படாத. உள்ள என்னா இருக்குன்னு மட்டும் கேக்காத."

கருவியைப் பற்றி அவளும் சொல்லவில்லை. மாரியம்மன் கோயிலில் மந்திரித்தது என்று சொல்லிக் கலைச்செல்வன் இடுப்பில் கட்டினாள். அவன் சாமி கும்பிடுகிறவன் இல்லை. "ஒனக்குத் திருப்தின்னா சரி" என்று வயிற்றைத் தூக்கிக் காட்டினான்.

மூன்றாம் நாளிலிருந்து வாந்தி. ஆட்டம் போடுகிறது, அடங்கிவிடும் என்று அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது நாளாயிற்று.

*

வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போனார்கள். வெண்மதி லீவுக்குச் செவ்வந்தியின் அம்மா வீட்டில் இருந்ததால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கலைச்செல்வன் அரணாக்கொடியை அவிழ்த்து அவளிடம் கொடுத்தான். "உள்ள சட்டையத் தூக்கணும். அந்த இங்கிலீஷ்காரப் பொண்ணு பாத்தா சிரிக்கும்." அவள் அதைச் சில்லறைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இங்கிலீஷ்காரப் பெண் என்று அவன் சொன்னது கருவியைச் சரிபார்க்கும் சரிதாவை. கேரளாவா ஆந்திராவா தெரியாது, இங்கிலீஷ் கலந்த தமிழை நிதானமாகப் பேசுவாள். தட்டையான ஒரு பொருளை அவன் வயிற்றின்மேல் வைத்துவிட்டுப் பெட்டியில் தெரிந்த எண்களைப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"சார், இது ஆஃப்ல இருக்கு."

"கெட்டுப்போச்சிங்களா?"

"இல்ல, நல்லாதான் இருக்கு. யாரோ சுவிட்ச அணைச்ச மாதிரி நின்னிருக்கு. ஓடின மணிக்கணக்கப் பாத்தா நாப்பது நாளா ஓடல. பக்கத்துல காந்தம் எதாவது வந்துதா? பலமான காந்தம் பட்டா இது நின்னுடும். டிஸ்சார்ஜ் அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேனே."

கலைச்செல்வன் எழுந்து உட்கார்ந்தான். "பெல்ட்டுக்கு மேல ஒண்ணு தொங்கும்மா. கரியோட வர்ற இரும்பு துண்டெல்லாம் இழுத்து எடுக்கறதுக்கு. ஆனா என் கண்ட்ரோல் ரூமு தள்ளிதான் இருக்கு. நான் அதுங்கிட்ட போறதே இல்ல."

"அதாதான் இருக்கணும்" என்றாள் சரிதா.

அவர்கள் டாக்டர் அறைக்குள் போனார்கள். செவ்வந்தி வராந்தாவில் நின்றாள். டீக்காரன் வந்தான். வாய் வறண்டிருந்தது, ஒன்று வாங்கிக்கொண்டாள். சில்லறைக்காகப் பைக்குள் கைவிட்டபோது நாணயங்கள் தனித்தனியாக வரவில்லை. கொத்தாக வந்தன. ஐந்தாறு காசும் இரண்டு ஊக்கும் தாயத்தைச் சுற்றி, பூவைச் சுற்றி இதழ் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒரு காசைப் பிடித்து இழுத்தாள். விட மறுத்தது. இழுத்துப் பிரித்ததும் அவள் விரலிலிருந்து துள்ளி மறுபடி போய் ஒட்டிக்கொண்டது.

"யம்மா, பத்து ரூவா" என்றான் டீக்காரன். அவள் நோட்டாக எடுத்துக் கொடுத்தாள். மீதி வாங்க மறந்துபோனாள்.

கலைச்செல்வன் வெளியே வரும்போது கையில் கவர் இருந்தது. "மிசினப் போட்டு வுட்டுட்டாங்க. லெட்டர் எழுதிக் குடுத்திருக்காரு. காந்தம் இருக்கற எடத்துல வேல பாக்கக் கூடாதுன்னு. நம்ம ஆஸ்பத்திரில குடுக்கணுமாம்."

"குடுத்தா?"

"தெரியல. பாப்பம்."

திண்டிவனம் தாண்டியதும் பஸ்ஸில் அவன் கேட்டான். "கயிறு எங்க?"

"அறுந்துபோச்சிங்க. வராந்தாவுலயே எங்கயோ வுழுந்துடிச்சி."

"போவுது. மாரியம்மா மெட்ராச சுத்திப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். அவன் தலை அத்தனை லேசாக இருந்தது. மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் தடவை தெரிந்தே செய்தாள். இரண்டாம் தடவை தெரியாமல் செய்தாள். இரண்டு தடவையும் அவனைப் பிடித்து வைக்கத்தான்.

*

மூன்று நாளில் அவன் முகத்துக்கு நிறம் திரும்பியது. திங்கட்கிழமை காலை, ஷிப்டு முடிந்து தங்கராசு வந்தான். கான்ட்ராக்ட் காலத்திலிருந்து கலைச்செல்வனோடு வேலை பார்ப்பவன். தலைமுடியிலும் காது மடலிலும் பழுப்புத் தூள். லெட்டரை வாங்கி வாய்விட்டுப் படித்தான், மடித்தான்.

"மச்சான், இத குடுக்காத."

"ஏன்டா?"

"குடுத்தா மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. காந்தம் இல்லாத எடம் நம்ம மைன்ஸ்ல எங்க இருக்கு? மோட்டாரு, வெல்டிங்கு, பெல்ட்டு. எங்கயும் போட முடியாதுன்னா அன்ஃபிட். ஒம்பது வருசம் சர்வீஸ் பாக்கி இருக்கறவனயே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீ பர்மனென்ட் ஆயி முழுசா அஞ்சு வருசம் ஆவல."

"தெரியும்."

"தெரிஞ்சி?"

கலைச்செல்வன் சட்டைப் பித்தானைப் போட்டபடியே பேசினான். குரலில் கேலி இல்லை. "தங்கராசு, நீ அத அனுபவிச்சதில்ல. இருவத்துநாலு மணி நேரமும் தொண்டைக்குழியில ஒரு கை நின்னுகினு இருக்கும். தூக்கத்துலயும். அந்த நாப்பது நாளு திரும்ப வர்றதுன்னா எனக்கு வேலையே வேணாம். திரும்பவும் மண்ணு வாரிக்கறேன், எதுனா வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். அந்தக் காந்தத்துக்குக் கீழ போயி ஒக்கார மாட்டேன்."

"பொண்ணு படிக்குதுடா."

"உசிரோட இருந்தாதான படிக்க வைக்க?"

தங்கராசு செவ்வந்தியைப் பார்த்தான். "தங்கச்சி, நீயாவது சொல்லு" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

கலைச்செல்வன் சைக்கிள் சாவியைத் தேடினான். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குள் போனால்தான் டாக்டரைப் பார்க்க முடியும். செவ்வந்தி அடுக்களையிலிருந்து வந்து வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சில்லறைப் பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்தாள். காசுக் கொத்து ஒரே உருண்டையாக விழுந்தது.

"என்னா இது?"

"மைன்ஸ்ல இருக்கற காந்தம் இல்லிங்க. இதுதான்."

அவன் குனிந்து, ஒரு காசைப் பிடித்து இழுத்தான். விட்டான். டப்பென்று ஒட்டிக்கொண்டது. இன்னொரு தரம் இழுத்து விட்டான். நடுவில் இருந்தது தாயத்து என்று புரிந்ததும் அவன் கை தானாக இடுப்புக்குப் போனது.

"கோயில்ல குடுத்ததுன்னு சொன்ன."

"கோயில்ல குடுக்கல."

"அக்கா குடுத்துதா?"

எவ்வளவு சுலபமாக அந்த வழியைத் திறந்து வைத்துவிட்டான். அம்சவல்லி இல்லை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். உறிஞ்சி எடுக்கிற ஆள், குழாய், தட்டு என்று வாரா வாரம் பேசுகிறவள். அவன் முகத்தில் கோபம்கூட வந்துவிட்டிருந்தது, அக்கா மேல், செல்லக் கோபம். செவ்வந்தி தலையை அசைத்தால் போதும்.

"இல்ல. நான்தான் போயி வாங்கியாந்தேன்."

"நீயா? அக்கா இதப் பேசினாலே மூஞ்சத் தூக்கி வச்சிக்குவ. நீ எதுக்குடி போன?"

அவள் சொன்னாள். நின்றபடியே, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, சூளைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஆரம்பித்து, கொலுசு, பொட்டலம், கருவாடு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் முடித்த பிறகு தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போவது கேட்டது. அது தூரமாகப் போய் அடங்கும்வரை அவன் காசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அது என்னா பொடி?"

"தெரியாதுங்க. அவருக்கே தெரியல."

"எனக்கு வந்தது சக்கரைன்னுதான டாக்டர் சொன்னாரு."

"சக்கரைதாங்க. நரம்புதான். எனக்கு அது தெரியுது. ஆனாலும்..."

"அந்தக் கொழம்பு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான். "நல்லா இருக்குன்னு சொன்னேன். திரும்ப வாங்கி ஊத்திகினேன்."

"ஆமா."

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் அங்க போவல."

"போவல."

அவன் தாயத்தைக் கையில் எடுத்து உருட்டினான். வயிற்றிலிருந்து எட்ட, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே உருட்டினான்.

"ஒரு நாளு சாயந்திரம், பெல்ட்டுக்கு அடியில படுத்து கரி வாரிகினு இருந்தேன். திடீர்னு வூட்டுக்குப் போவணும்னு தோணிச்சி. ஒன் மொகம் தோணிச்சி. குளிக்காம கொள்ளாம அப்பிடியே வந்தேன். நீ வாசல்ல அரிசி பொடச்சிகினு இருந்த." தாயத்தைக் கட்டிலில் வைத்தான். "பன்னண்டு வருசமா நான் அத நானா வுட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன் செவ்வந்தி. நான் பண்ணின ஒரே நல்ல காரியம்னு."

"நீங்களாதாங்க வந்தீங்க. பொடியில என்னா இருக்கும்? வெறும் சாம்பலாத்தான் இருக்கும்."

"இருக்கும்" என்றான். "சாம்பலாத்தான் இருக்கும்."

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டிவிட்டால் தேவலை என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவன் லெட்டரைக் கவரோடு நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். தாயத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போனான். ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினான். எங்கே போட்டான் என்று அவள் கேட்கவில்லை.

அன்றைக்கு அவனுக்கு இரண்டாம் ஷிப்டு. பன்னிரண்டு மணிக்குக் குளித்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். குழைய வடித்த சோற்றை மோர்விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, அவள் தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவனுக்குப் பசி இருந்தது. அவன் தொண்டை ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். கை தட்டுக்குப் போகவில்லை.

வெளியே சாம்பல் படிந்த வேப்பிலைகள் அசையாமல் நின்றன. மைன்ஸ் பஸ் முதல் ஹாரன் அடித்தது.

அவன் தட்டை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினான்.

"நீ ஒரு வாய் சாப்புடு."

"நீங்க சாப்டுங்க. டூட்டிக்கு நேரமாவுது."

"மொதல்ல நீ ஒரு வாய் சாப்புடு" என்றான் மறுபடியும். குரலில் கடுமை இல்லை. உடம்பு சரியில்லாத குழந்தையிடம் சொல்வது போலத்தான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் உட்கார்ந்தாள். ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் மென்று விழுங்கும்வரை அவன் அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகும் சிறிது நேரம் பார்த்தான். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டான். பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். கைகழுவி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனான்.

சோறு வயிற்றில் நின்றது. மறுநாளும் நின்றது.

மூன்றாம் நாள் அவன் எதுவும் சொல்லவில்லை. தட்டை வைத்ததும் அவளாகவே எதிரில் உட்கார்ந்து, முதல் பிடியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.